சூளைத் தெருவின் பதினோரு தொழுவங்கள்

“பொருள் எண் 9: சூளைத் தெருவில் உள்ள பதினோரு ஓட்டுக் கட்டடங்களுக்குப் பொதுச் சீராய்வில் கூரைக் கட்டடங்களுக்கான வரி விகிதத்தையே தொடர்ந்து அனுமதிப்பது குறித்து மன்றத்தின் முடிவுக்கு.”

எங்கள் பேரூராட்சி மன்றத்தின் 1991 ஜனவரி மாதக் கூட்ட அழைப்பில், இரண்டாம் பக்கத்தின் அடியில் இந்த வரிகள் உள்ளன. சைக்ளோஸ்டைல் தாள். நாள் இருந்த இடத்தில் மை கலங்கிவிட்டது. செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி என்பது படிக்க முடிகிறது. பொங்கலுக்குப் பிறகு என்பதை என் நினைவிலிருந்து சேர்க்கிறேன். கூடுதலாக ஓட்டிய பிரதிகளில் ஒன்றை எடுத்து வீட்டில் வைத்துக்கொண்டது முறையல்ல, ஆனாலும் வைத்துக்கொண்டேன். பழைய தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி வைப்பது என் பழக்கம்.

அதே ஆண்டு மே மாதம் எங்கள் பக்கத்து ஊரில் நடந்ததை உலகமே அறியும். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். இது அதற்கு நான்கு மாதங்கள் முன்னால், இருபது நாற்காலி கொண்ட ஒரு கூடத்தில் நடந்த கூட்டத்தைப் பற்றியது.

இதை எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. நான் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் பழைய வரிப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுகிறார்கள். அங்கே இளநிலை உதவியாளராக இருக்கும் சுகந்தி கூப்பிட்டார்.

“சார், தொண்ணூத்தி ஒண்ணு ரிஜிஸ்டர்ல சூளைத் தெருன்னு ஒரு பக்கம் வருது. பதினோரு கதவு எண், பதினொண்ணுமே மாட்டுத் தொழுவம்னு இருக்கு. உங்க கையெழுத்து மாதிரி தெரியுது. ஒரு தெரு முழுக்க தொழுவமா சார்? மனுசங்களே இல்லியா?”

“இருந்தாங்கம்மா” என்றேன். மேற்கொண்டு அவர் கேட்டதற்கெல்லாம், பின்னர் சொல்வதாகச் சொன்னேன். சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் 1974-இல் வரி வசூலராகச் சேர்ந்தேன். பில் கலெக்டர் என்பார்கள். சைக்கிள், ரசீதுப் புத்தகம், கார்பன் தாள். முதல் ஏழு ஆண்டுகளைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், மக்கள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார்கள் என்று சொல்லலாம். ஒரு நாளை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். வரி பாக்கிக்காக ஒரு வீட்டில் பித்தளை அண்டாவை ஜப்தி செய்யப் போனோம். அந்த வீட்டுப் பெண் வாதாடவில்லை. அண்டாவில் இருந்த தண்ணீரைச் சிந்தாமல் மூன்று குடங்களில் ஊற்றினாள். முந்தானையால் அண்டாவின் உட்புறத்தைத் துடைத்து, “ஈரமா கீது, பாத்து எடுத்துப் போங்க” என்றாள். அதற்குப் பிறகு ஜப்திக்கு என்னை அனுப்ப வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வேன். 1981-இல் எழுத்தராக மேசைக்கு வந்தபோது இனி அந்த வேலை இல்லை என்று மகிழ்ந்தேன். பிறகு நான் செய்த பிழைக்கு இந்த இளகிய மனமும் ஒரு காரணம். சமாதானமாக இதைச் சொல்லவில்லை. காரணங்களை வரிசைப்படி வைக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

1988 முதல் 1991 மார்ச் வரை எங்கள் செயல் அலுவலராக இருந்தவர் திருஞானம். என் பணிக்காலத்தில் பதினான்கு அலுவலர்களின் கீழ் வேலை செய்திருக்கிறேன். கோப்பை அவரைப் போல் படித்தவர் வேறு யாரும் இல்லை. ஓர் அடி மர ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாகக் கீழிறக்கிக்கொண்டே வருவார். ஐயம் வந்த இடத்தில் ஸ்கேல் நின்றுவிடும். எதிரில் நிற்கும் நமக்கு அந்த ஸ்கேல்தான் முகம். நின்றால் பயம், நகர்ந்தால் மூச்சு. திட்டமாட்டார். ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுப்பார். நாம் போய் விடை கண்டுபிடித்து வந்தால், அந்தக் கேள்விக்குறியை ரப்பரால் தாமே அழிப்பார். நாம் ஏதாவது ஒரு செய்தியைச் சொன்னால், “நேர்ல பாத்தீங்களா, யாராவது சொன்னாங்களா?” என்பார். யாரோ சொன்னது என்றால் அது குறிப்பில் ஏறாது.

1990-இன் பிற்பகுதியில் வீட்டு வரிப் பொதுச் சீராய்வு தொடங்கியது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை எல்லாக் கட்டடங்களையும் மீண்டும் பார்த்து, கூரை, ஓடு, மாடி என்று வகை பிரித்து, புதிதாக வரி போட வேண்டும். ஆள் பற்றாக்குறையால் எழுத்தர்களும் தெருத் தெருவாகப் போனோம். என் பங்குக்கு வந்தவற்றில் ஒன்று சூளைத் தெரு.

ஊருக்கு மேற்கே ஒரு செங்கல் சூளை இருந்தது. அங்கே வேலை செய்யும் குடும்பங்கள் பதினொன்று சூளைக்காரரின் நிலத்தில், அவர் அனுமதியோடு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருந்தன. ஆறு இந்துக் குடும்பம், ஐந்து கத்தோலிக்கக் குடும்பம். முன்பு கூரை. ஒரு கோடையில் தீப்பிடித்து எரிந்ததும் சிறுகச் சிறுகச் சேர்த்து எல்லாரும் ஓடு போட்டுவிட்டார்கள். ஓடு போட்டதால் அவர்கள் இப்போது மேல் வகை. வரி பல மடங்கு ஏறும். சூளை வேலை மழைக்காலத்தில் கிடையாது. கட்டமாட்டார்கள் என்பதும், கட்டாவிட்டால் ஜப்திக்கு ஆள் போவான் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

திருஞானத்திடம் போய் ஒரு யோசனை சொன்னேன். மாட்டுத் தொழுவம் என்று எழுதிவிட்டால் எங்கள் நடைமுறையில் வரியே இல்லை. சுவர் செங்கல், மேலே ஓடு, வெளியே ஆடு மாடு கட்டியிருக்கிறார்கள். யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

ஸ்கேல் நின்றது.

“உள்ளே யாரு தூங்கறாங்க?”

“ஜனங்கதான் சார்.”

“அப்ப அது வீடு. வரி அதிகம்னா குறைக்கச் சொல்லி மன்றத்துல பொருள் வைங்க. பதினஞ்சு உறுப்பினர் இருக்காங்க, அவங்க சொல்லட்டும் குறைக்கலாம்னு. அதுக்கு அதிகாரம் அவங்களுக்குத்தான். உங்களுக்கும் எனக்கும் இல்ல.”

அப்படித்தான் பொருள் எண் 9 பிறந்தது.

இங்கே எங்கள் மன்றத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். உறுப்பினர்களுக்குக் கூட்டத்துக்கு வந்தால் ஒரு சிறு தொகை உண்டு. அமர்வுப் படி என்று பெயர். அதை உறையில் போட்டு, நாலரை மணிக்கு டீயோடும் மிக்சரோடும் கொடுப்பது பழக்கம். எப்போது தொடங்கிய பழக்கம் என்று தேடிப் பார்த்தேன், தெரியவில்லை. டீக்கு முன் எவரும் எழுந்து போகமாட்டார்கள். டீக்குப் பின் எவரும் உட்காரமாட்டார்கள். எனவே முடிவாக வேண்டிய பொருள்களை டீக்கு முன் வருமாறு அடுக்குவது எழுத்தரின் சாமர்த்தியம். நானோ பொருள்களைக் கோப்பு எண் வரிசையில்தான் அடுக்குவேன். அதில் எனக்கு ஒரு பெருமை. யாரும் என்னைப் பார்த்து இவன் பொருளை முன்னே வைத்தாய், அவன் பொருளைப் பின்னே வைத்தாய் என்று சொல்ல முடியாது. சூளைத் தெருக் கோப்பு கடைசியாகத் தொடங்கியது; ஆகவே ஒன்பதாவது.

திருஞானம் அழைப்பில் கையெழுத்துப் போடுமுன் கேட்டார்: “ஒன்பது டீக்கு முன்னால வந்துருமா?”

கணக்குப் போட்டுப் பார்த்து, “நாலு மணிக்கே வந்துரும் சார்” என்றேன்.

கூட்டம் நேரத்துக்குத் தொடங்கியது. மன்றத்தின் பதவிக்காலம் முடியும் தறுவாய். முதல் பொருள், சூளை மேட்டுக்குக் கிழக்கே உள்ள புஞ்சை நிலங்களை விவசாய உபயோகத்திலிருந்து தொழில் உபயோகத்துக்கு மாற்ற மன்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்பது. அப்போதுதான் எங்கள் பக்கம் கம்பெனி வரப்போகிறது என்ற பேச்சு ஆரம்பித்திருந்தது. ஒருவர், “வரட்டுமே, புள்ளைங்களுக்கு வேலை கெடைக்கும்” என்றார். இன்னொருவர், “எள்ளு கூட வெளையல அங்க” என்றார். தலைவர், “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்றார். ஐந்து நிமிடத்தில் முடிந்தது. கிழக்கே நிலம் மாறினால் மேற்கே இருக்கும் தெரு என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய இடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில், தீர்மானப் புத்தகத்தோடு மூலையில் இருந்த நானும் ஒருவன்.

மூன்றே முக்காலுக்கு எட்டாவது பொருள் முடிந்தது. நான் ஒன்பதை வாசிக்க எழுந்தேன். அப்போது பூபாலன் கையைத் தூக்கினார். சூளைத் தெரு இருந்த வார்டின் உறுப்பினர் அவர்தான். தன் தெருவுக்காகப் பேசப் போகிறார் என்று நினைத்தேன்.

“தலைவரே, ஒரு விஷயம். நம்ம அமர்வுப் படி. அஞ்சு வருசமா அதே காசு. இதுல ஒரு தீர்மானம் போடணும்.”

தலைவர் சிரித்தார். “போற காலத்துலயா பூபாலா? அதுவும் நாம ஏத்திக்க முடியாது. கவர்மென்ட்டு ஏத்தணும்.”

“ஏத்தணும்னு நாம கேக்கலாம் இல்ல? நான் நெலத்த வுட்டுட்டு வரேன், மாட்ட வுட்டுட்டு வரேன். எம் பொண்டாட்டி கேக்கறா, அங்க போயி இன்னா சம்பாரிச்சேன்னு. இன்னான்னு சொல்றது? மிக்சர்னு சொல்றதா?”

பின் வரிசையிலிருந்து ஒருவர்: “நீ கொண்டு போற மிக்சருக்கு நாலு பேரு துன்னலாம்யா.”

“தூங்கறவனுக்கும் அதே படி, பேசறவனுக்கும் அதே படியா? மொதல்ல அத முடிவு பண்ணுங்க” என்றார் வேறொருவர்.

“யார்ரா தூங்கறது? பேரைச் சொல்லு!”

சிரிப்பு, கூச்சல், பிறகு உண்மையான கோபம். வெளியூர் போனால் பயணப்படி உண்டா, தலைவருக்கு மட்டும் ஜீப் ஏன், பெண் உறுப்பினர் சார்பில் அவர் கணவர் வந்து கையெழுத்துப் போட்டால் படி யாருக்கு? எல்லாம் வெளியே வந்தது. தலைவர் இரண்டு முறை ஒன்பதாவது பொருளைக் குறிப்பிட்டார். “அது கெடக்குது, ஓடிப்போயிருமா?” என்றார் பூபாலன். அவர் கெட்ட மனிதர் அல்ல. சூளைத் தெருவில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் தன் மாட்டு வண்டியைப் பூட்டி அனுப்புவார். அன்று அவருக்கு அந்தப் படி மானப் பிரச்சினையாகிவிட்டது.

நாலரைக்கு டீக்கடைக்காரர் தட்டோடு வந்தார். அவருக்கு எங்கள் விவாதம் தெரியாது, மணிதான் தெரியும். காசாளர் உறைகளை எடுத்தார். “சரி, அரசுக்குப் பரிந்துரைக்கலாம்னு எழுதிக்குங்க” என்றார் தலைவர். டீ குடித்தார்கள். உறை வாங்கினார்கள். எழுந்தார்கள். நான் ஒன்பதாவது பொருளை வாசிக்க ஆரம்பித்தபோது தலைவரோடு சேர்த்து நான்கு பேர். கூட்டம் செல்லுபடியாக ஐந்து பேர் வேண்டும். ஒரே ஒருவர் குறைவு. ஓடிப்போய் வாசலில் பூபாலனைக் கூப்பிட்டேன். அவர் சைக்கிளில் ஏறியிருந்தார். “அடுத்த மீட்டிங்ல மொதல்ல வையுப்பா. நானே பேசறேன்” என்றார்.

தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்: “போதிய உறுப்பினர்கள் இன்மையால் அடுத்த கூட்டத்தில் வைக்கலாம்.” அடுத்த கூட்டம் நடக்கவில்லை. பதவிக்காலம் முடிந்து மன்றம் கலைந்தது. தனி அலுவலர் ஆட்சி வந்தது. எங்கள் ஊரில் மறுபடி ஒரு மன்றம் கூட ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமைகளில் மணிமங்கலம் கோயிலுக்குப் போய்க் கல்வெட்டுகளைப் படித்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. சபை கூடி நிலத்துக்கு வரி நீக்கிய செய்திகளை அந்த வகைக் கல்வெட்டுகளில் நிறையப் படித்திருக்கிறேன். முடிவான செய்திதான் கல்லில் இருக்கும். எடுக்கப்படாமல் போன பொருளைப் பற்றிக் கல்லில் எதுவும் இராது. எங்கள் தீர்மானப் புத்தகத்திலாவது ஒரு வரி இருக்கிறது.

மார்ச்சில் திருஞானத்துக்கு மாற்றல் வந்தது. போகிற அன்று, “சூளைத் தெரு முடியல இல்ல?” என்று மட்டும் கேட்டார். “புதுசா வர்றவர் கிட்டச் சொல்லுங்க. மேல எழுதச் சொல்லுங்க.” சரி என்றேன். புதிதாக வந்தவருக்கு எங்களைப் போல மேலும் மூன்று ஊர்கள். வாரத்தில் ஒரு நாள் வருவார், ஜீப்பின் எஞ்சினை நிறுத்தாமல் உள்ளே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். மார்ச் முடிவதற்குள் சீராய்வுப் பதிவேடு முடிய வேண்டும். மேலே எழுதி, பதில் வந்து, அதற்குள் வரி கேட்பு அறிவிப்பு போய்விடும். இவையெல்லாம் உண்மை. ஆனால் ஒரு குறிப்பு எழுதி அவரிடம் வைத்திருக்கலாம் என்பதும் உண்மை. நான் வைக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சூளைத் தெருவுக்குப் போனேன்.

தெருவில் எல்லாரையும் கூப்பிட்டு விவரம் சொன்னேன். தொழுவம் என்று எழுதினால் வரி வராது. மன்றம் வந்ததும் மாற்றிவிடலாம். பத்து வீட்டுக்காரர்கள் உடனே ஒப்புக்கொண்டார்கள். “இன்னா வேணா எழுதிக்க சார், அண்டா குண்டாவத் தூக்காம இருந்தா சரி” என்றார் ஒரு பெரியவர்.

ஆறாவது வீட்டு ஆரோக்கியமேரி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. முப்பத்தைந்து வயதிருக்கும். கணவன் இறந்து நான்கு ஆண்டு. ஒரு மகள், ஒரு மகன். சூளையில் கல் சுமக்கும் வேலை.

“எம் வூட்ட வூடுன்னே எழுது சார். வரி நான் கட்டிக்கிறேன்.”

“மழைக்காலத்துல என்னம்மா பண்ணுவே?”

“அது எம் பாடு. ரசீதுல எம் பேரு வரும் இல்ல? அதுக்குத்தான் கேக்கறேன். அவரு போனப்புறம் எதுலயும் எம் பேரு கெடையாது. இந்த ஓடு ஒவ்வொண்ணும் நான் தல மேல தூக்கினு வந்தது. அதுல மாடு கட்டிகீதுன்னு எழுதுவியா? நான் மாடா?”

பக்கத்து வீட்டுப் பெண் குறுக்கிட்டாள். “அய்ய, இவளுக்கு ராணி பங்களான்னு எழுதிக் குடு சார்! ஏண்டி, நடுவுல உன் வூடு மட்டும் வூடா இருந்தா இந்தாண்ட அந்தாண்ட எல்லாம் தொழுவம்னா எவன் நம்புவான்? உன்னால எங்களுக்கும் சேத்து போட்ருவாங்க.”

அது சரியான வாதம். எனக்கும் அதுதான் கவலை. பதினோரு வீடும் ஒட்டுச் சுவர். நடுவில் ஒன்று வீடு என்றால் மற்றவை அம்பலமாகிவிடும். தெருவே அவளைப் பார்த்தது. நான் தணிந்த குரலில், “மன்றம் வந்ததும் நானே திருத்தித் தர்றேம்மா. என் பொறுப்பு” என்றேன்.

“எழுதிக் குடு.”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. இல்லாமல் போனால் நல்லது.

“எழுதிக் குடுக்க மாட்ட. அப்ப உன் வாய நம்பணும்” என்றாள். தெருவில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். “செரி. எழுதிக்கோ. இவுங்க மூஞ்சில நான் தெனம் முழிக்கணும்.”

அன்று மாலை பதிவேட்டில் பதினோரு முறை ‘மாட்டுத் தொழுவம்’ என்று எழுதினேன். முதலில் எழுதியது ஆறாவது எண்ணுக்கு. அவள் மனம் மாறிவிடுமோ என்று பயம். வியாழக்கிழமை புதிய அலுவலர் வந்தார். பக்கங்களின் அடியில் கையெழுத்துகள் விழுந்தன. அந்தப் பக்கத்தின் மேல் எந்த ஸ்கேலும் வைக்கப்படவில்லை.

1993-இல் என்னைப் பக்கத்துப் பேரூராட்சிக்கு மாற்றினார்கள். 1996-இல் திரும்பி வந்தேன். அப்போது புதிய மன்றமும் வந்துவிட்டது; அடுத்த பொதுச் சீராய்வு மட்டும் தள்ளிப்போயிருந்தது. திருத்தியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்று எழுதுவது எளிது. மறக்கவில்லை. திருத்த வேண்டுமானால், முதலில் ஏன் அப்படி எழுதினாய் என்ற கேள்வி வரும். பொய்ப் பதிவு என்றால் குற்றச்சாட்டு, விசாரணை, பதவி உயர்வு நிற்கும். என் பதவி உயர்வுக் கோப்பு மேலே போயிருந்த நேரம் அது. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினேன்.

அதற்குள் நிலம் முந்திக்கொண்டது. கிழக்கே மாறிய நிலம் போதவில்லை. தொழிற்பூங்காவுக்காக மேற்கையும் சேர்த்து எடுத்தார்கள். சூளையும் அதில் போயிற்று. சூளைக்காரருக்கு நிலத்துக்கான இழப்பீடு. அந்த நிலத்தில் குடியிருந்தவர்களுக்கு வேறிடத்தில் வீட்டுமனை என்று விதி இருந்தது. குடியிருந்ததற்கு ஆதாரம், உள்ளாட்சியின் வீட்டு வரிப் பதிவு. ரேஷன் கார்டு ஆள் இருந்ததைக் காட்டுமே தவிர, அந்தக் கட்டடம் வீடுதான் என்பதைக் காட்டாது என்றார்கள். விதி அப்படி. அதை நடத்தியவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. அவர்கள் எங்கள் பதிவேட்டைத்தான் நம்பினார்கள்.

1997-இல் விசாரணை, ஊர்ப் பள்ளிக்கூடத்தில். பதிவேட்டை எடுத்துக்கொண்டு வரச் சொல்லி எனக்கு ஆணை. முந்தின நாள் இரவெல்லாம் மனத்துக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்: ‘அவை வீடுகள்தான், நான்தான் மாற்றி எழுதினேன்.’ ஐந்தே சொல்லில் அடங்கும் வாக்கியம்.

பதினோரு குடும்பங்களும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தன. ஆரோக்கியமேரி என்னைப் பார்த்ததும் முன்னால் வந்தாள். தலையில் நரை தெரிந்தது. “வந்துட்டியா சார். நீ சொன்னா போதும். உன் கை எழுத்துதானே? மாத்தி எழுதினேன்னு ஒரு வார்த்த சொல்லு. எல்லாருக்கும் மன வந்துரும்.” அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. மற்றவர்களிடம் திரும்பி, “நான் சொன்னேன் இல்ல, வருவாருன்னு” என்றாள்.

விசாரித்த அலுவலர் ஒரு பெண். பொறுமையானவர். மாணவர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“இந்தப் பதிவு நீங்க எழுதினதா?”

“ஆமாம் மேடம்.”

“தொண்ணூத்தி ஒண்ணுல அந்தக் கட்டடங்களை நேர்ல பாத்தீங்களா?”

“பாத்தேன் மேடம்.”

“தொழுவமா இருந்துதா?”

இரவு அமைத்த வாக்கியம் தயாராக இருந்தது. அருகில் எங்கள் அலுவலகத் தலைமை எழுத்தர் உட்கார்ந்திருந்தார்; நான் பேசுவதைச் சுருக்கெழுத்தில் ஒருவர் எடுத்துக்கொண்டிருந்தார். சொன்னேன்: “பதிவேட்டில் உள்ளபடி, மேடம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். நான் சொன்னதை விடை என்று எடுத்துக்கொள்ள அவருக்கே மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். ஒரு வழி திறந்து கொடுத்தார்.

“சீராய்வுக்குத் தெருவுல போறப்ப பென்சில்ல குறிப்பீங்களே, களப்புத்தகம், அது இருக்கா? அதுல வேற மாதிரி இருந்தா நான் அதை எடுத்துக்கலாம்.”

இருந்தது, அதாவது, அப்படி ஒரு புத்தகம் நான் எழுதியது உண்டு. திருஞானத்திடம் போவதற்கு முன்பே, முதல் சுற்றில் பார்த்ததைப் பார்த்தபடி குறித்திருந்தேன். ஒவ்வொரு கதவு எண்ணுக்கும் எதிரே குடியிருப்பவர் பெயர், அறைகள், அடுப்பு எந்தப் பக்கம். ஆறாம் எண்ணுக்கு எதிரே ஆரோக்கியமேரியின் பெயர், இரண்டு அறை, ஓடு, குடியிருப்பு. ஒரு புத்தகம் போதும். பதினோரு குடும்பத்துக்கும் மனை கிடைத்திருக்கும். என் பொய்யும் அதோடு வெளிப்பட்டிருக்கும்.

“காலக்கெடு முடிஞ்சு அழிச்சிருப்பாங்க மேடம்” என்றேன்.

“அழிச்சிருப்பாங்களா, அழிச்சாச்சா?”

“அழிச்சாச்சு மேடம்.”

எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் மண்ணை வாரித் தூற்றினாள். ஒரு பெரியவர், “போவட்டும் வுடும்மா, ஆபீசருங்க எல்லாம் ஒண்ணு” என்றார். ஆரோக்கியமேரி கிட்டே வந்து நின்றாள்.

“அன்னிக்கு எம் வூட்டு உள்ள வந்து பாய் மேல குந்திகினு வரக்காப்பி குடிச்சியே சார். தொழுவத்துலயா குடிச்ச?”

குடித்திருந்தேன். ஒப்புக்கொண்ட பிறகு அவளே கூப்பிட்டுக் கொடுத்தாள். அடுப்பு வடக்குப் பக்கம். சைக்கிளின் கேரியரில் பதிவேட்டைக் கயிற்றால் கட்டினேன். முடிச்சு மூன்று முறை நழுவியது.

பதினோரு குடும்பங்களுக்கும் கட்டடப் பொருள்களின் மதிப்பு மட்டும் கொடுத்தார்கள், தொழுவத்துக்கான மதிப்பு. மனை கிடைக்கவில்லை. சிலர் சொந்த ஊர்ப் பக்கம் போனார்கள். சிலர் வல்லக்கோட்டைப் பக்கம் வேறு சூளைக்குப் போனார்கள். ஆரோக்கியமேரி இருங்காட்டுக்கோட்டையில் கம்பெனித் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடும் வரிசை அறைகளில் ஒன்றில் இருந்தாள். 2003 வரை இருந்தாள் என்பதை அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு உறுதி செய்திருக்கிறேன். பிறகு மகளோடு போய்விட்டாளாம். எந்த ஊர் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் பேரில் ஒரு ரசீது கடைசிவரை எங்கள் அலுவலகத்திலிருந்து போகவில்லை. எனக்குப் பதவி உயர்வு 1998-இல் வந்தது.

2009-இல் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற பின் அனுமதி வாங்கிப் பதிவறைக்குப் போய், பழைய தாள்களை அழித்ததற்கான பட்டியலைப் பார்த்தேன். “1990–91 சீராய்வுக் களப்புத்தகங்கள், ஒரு கட்டு” என்று பதிவு இருக்கிறது. அழித்தவர் கையெழுத்து இருக்கிறது. நாள் எழுத வேண்டிய கட்டம் காலி. அதற்கு மேலே உள்ள பதிவு 1994. கீழே உள்ளது 1999. கையெழுத்துப் போட்டவர் காலமாகிவிட்டார். தாள்களை எரித்த காவலாளியைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். “எலெக்சன் முடிஞ்ச ஒடனே சார்” என்றார். எந்தத் தேர்தல் என்றேன். யோசித்தார். “எவ்ளோ எலெக்சன் வந்துச்சி சார்” என்றார்.

விசாரணைக்குப் போன காலையில், பதிவேட்டை எடுத்த அதே பீரோவின் கீழ்த்தட்டில்தான் களப்புத்தகக் கட்டுகள் இருக்கும். நான் அந்தத் தட்டைத் திறந்து பார்க்கவில்லை. இது நிச்சயம். அந்தக் கட்டு அன்று உள்ளே இருந்ததா என்பது இதை எழுதும் நாள்வரை சரிபார்க்கப்படவில்லை.